பாத்திரமேற்றாடலில் அறச்சார்பு: அணியும் குணமும்

முன்னுரை

அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரால் ஓர் ஆட்டம் வெளிவந்தது. நிலவறைகளும் டிராகன்களும் என்பது அப்பெயரின் பொருள். இதனை இயற்றியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். பிற ஆட்டங்களைப் போலப் பலகையும் காயும் இதற்கு இன்றியமையாதன அல்ல. ஒருவர் நடுவராக அமர்ந்து ஒரு கற்பனை உலகினை விரித்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, அவ்வுலகில் தாம் செய்வன இவை என வாயாற் கூறுவர். செய்தது கைகூடிற்றா, தவறிற்றா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதை சொல்லலும் கணக்கிடலும் ஒருங்கு கலந்த இவ்வகையினைப் 'பாத்திரமேற்றாடல்' என இக்கட்டுரையிற் குறிப்போம்.

ஆடப் புகுவோர் தம் பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலியவற்றைப் பகடை உருட்டி எண்ணாகப் பெறுவர். அவற்றோடு ஒரு சொல்லையும் ஏட்டில் எழுதிக்கொள்வர். அச்சொல் பகடையால் வருவதன்று. ஆடுவோர் தாமே தேர்ந்துகொள்வது. அப்பாத்திரம் ஒழுங்கினைச் சார்ந்ததா, குலைவினைச் சார்ந்ததா, நல்லதா, தீயதா என்பதை அச்சொல் உணர்த்தும். ஆங்கிலத்தில் 'அலைன்மெண்ட்' என வழங்கும் இதனை 'அறச்சார்பு' என்று தமிழிற் கூறலாம்.

இவ்வறச்சார்பின் பொருள் யாது என்பது பற்றி ஆடுவோரிடையேயும் ஆட்ட நூல் செய்தோரிடையேயும் ஐம்பது ஆண்டுகளாக வாதம் நிகழ்ந்து வருகின்றது. அவ்வாதத்தின் வேர் ஒரு சொல் இரு பொருள் தாங்கி நின்றமையே என்பது எம் கருத்து. முதற்கண் அது போர்க்களத்து அணியைக் குறித்தது. பின்னர் உயிரின் குணத்தைக் குறிக்கலாயிற்று. புதுப்பொருள் வந்தபோது பழம்பொருள் நீங்கவில்லை. இரண்டும் மயங்கியதனால், ஓர் இனம் முழுவதும் பிறப்பினாலேயே தீயது என்னும் கொள்கை, எவரும் வேண்டி நாட்டாமலே இவ்வாட்டத்துள் நிலைபெற்றுவிட்டது. இதனை வரலாற்று முறையில் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'அலைன்மெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் நேர்வரிசையில் நிற்றலை உணர்த்துவது. நாடுகள் ஒரு பக்கஞ் சேர்தலையும் அச்சொல்லால் குறிப்பர். தமிழில் 'அணி' என்னும் சொல்லும் வரிசையையும் படைவகுப்பையும் ஒருங்கே உணர்த்தும். ஆகவே இக்கட்டுரையில் போர்ப்பக்கம் என்னும் பொருளுக்கு 'அணி' என்பதையும், உயிரின் இயல்பு என்னும் பொருளுக்குக் 'குணம்' என்பதையும் ஆள்வோம். இவ்விரண்டிற்கும் பொதுவாக நிற்பது 'சார்பு'.

ஆட்டத்தில் மூன்றாவதாக வைக்கப்பெற்ற நிலையைப் பெயர்ப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை 'நடுநிலை' எனல் வழக்கு. ஆயின் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரை வகுக்கும் பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என மாந்தரை மூவகையாக்கி, அம்மூவரிடத்தும் அறம் வழுவாது நிற்றலே நடுவுநிலைமை என விளக்குவார். அவர் கருத்துப்படி, நொதுமல் என்பது பகையும் நட்பும் அல்லாத அயன்மை. நடுவுநிலைமையோ ஓர் அறம். ஆட்ட நூல்கள் இவ்விரண்டையும் நெடுங்காலம் ஒரு சொல்லாலேயே குறித்து வந்தன. அதனால் விளைந்த குழப்பத்தைப் பின்னர்க் காண்போம்.

போர்க்களத்திற் பிறந்த பகுப்பு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்சுக்கு முன்னோடியாக அமைந்தது 'செயின்மெயில்' என்னும் நூல். கைகாக்சும் ஜெஃப் பெர்ரன் என்பவரும் இயற்றிய இது 1971-இல் வெளிவந்தது. இடைக்கால ஐரோப்பியப் போர்களைச் சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு மேசைமேல் நடத்துவதற்குரிய விதிகளை இந்நூல் தொகுத்துரைக்கின்றது. இதன் இறுதியிற் கற்பனைப் படைகளுக்கென ஒரு பிற்சேர்க்கை உண்டு. டிராகன், பூதம், எல்ஃப், ஓர்க் முதலியன மேசைமேற் படையாக வந்து நின்றது அப்பிற்சேர்க்கையினாலேயே.

அப்பிற்சேர்க்கையில் இவ்வுயிர்கள் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என மூன்று தொகுதிகளாகப் பகுக்கப்பட்டன. அப்பகுப்பிற்கு நூலாசிரியர் கூறிய காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. கற்பனை உயிர்களை நல்லன என்றும் தீயன என்றும் தெளிவாக வரையறுத்தல் இயலாது என்று அவர் முதற்கண் ஒப்புக்கொள்கின்றார். அதன்பின், படைவகுப்போருக்கு ஒரு பொது வழிகாட்டியாகவே இம்மூன்று தொகுதிகளையும் தருவதாகக் கூறுகின்றார். எவ்வெவ்வுயிர்கள் ஒரே பக்கத்தில் நின்று பொரக்கூடும் என்பதே அவர் தெரிவிக்க விரும்பியது. எனவே தோற்றத்திற் சார்பு என்பது அணியே எனவும், அறத்தீர்ப்பாக அதனைக் கொள்ளுதல் நூலாசிரியர் கருத்தன்று எனவும் பெறப்படும்.

முரணிய இரு மூலங்கள்

ஒழுங்கு, குலைவு என்னும் பெயர்கள் எங்கிருந்து வந்தன? 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த நடுவர் கையேட்டின் பிற்சேர்க்கையொன்றில், தம் படைப்புக்கு ஊக்கம் அளித்த நூல்களைக் கைகாக்ஸ் பட்டியலிட்டுள்ளார். அப்பட்டியலில் போல் ஆண்டர்சன் எழுதிய 'திரீ ஹார்ட்ஸ் அண்ட் திரீ லயன்ஸ்' என்னும் புதினமும், மைக்கேல் மூர்காக் எழுதிய எல்ரிக் கதைகளும் இடம்பெறுகின்றன. ஒழுங்குக்கும் குலைவுக்கும் இடையே நிகழும் பெரும்போர் இவ்விரு ஆசிரியர்பாலும் காணப்படுகின்றது.

ஆண்டர்சனின் கதை 1953-இல் இதழொன்றில் வெளிவந்து, 1961-இல் நூல் வடிவம் பெற்றது. அதன் தலைவன் ஹோல்கர் கார்ல்சன் ஒரு டேனியப் பொறியாளன். இரண்டாம் உலகப் போரில் நாட்சிப் படையை எதிர்த்து மறைவாகப் போராடும் அவன், கடற்கரைச் சண்டையில் அடிபட்டு வீழ்கின்றான். விழித்தெழும்போது வேற்றுலகில் இருப்பதைக் காண்கின்றான். அவ்வுலகில் மனிதர் ஒழுங்கின் பக்கம் நிற்கின்றனர். மாய உலகத்தார் குலைவின் பக்கம் நிற்கின்றனர். நாட்சிகளை எதிர்த்த போரும் அவ்வுலகப் போரும் ஒன்றன் நிழல் மற்றொன்றாகக் கதையில் அமைகின்றன. ஆகவே ஆண்டர்சனிடத்தில் ஒழுங்கு நன்மையை ஒட்டியும் குலைவு தீமையை ஒட்டியும் நிற்பன எனலாம்.

மூர்காக்கின் நிலை இதனின் வேறு. 1961-இல் தொடங்கிய எல்ரிக் கதைகளின் தலைவன் குலைவின் தெய்வத்துக்கு ஆட்பட்டவன். அவன் ஏந்திய வாளோ உயிர் குடிக்கும் இயல்பினது. குலைவு முற்றும் வென்றால் உலகம் உருவிழந்து சிதையும். ஒழுங்கு முற்றும் வென்றால் வளர்ச்சியற்று வறளும். இரண்டிற்கும் மேலாக நிற்பது சமன்கோல். இவ்வமைப்பில் ஒழுங்கு நன்மை ஆகாது; குலைவும் தீமை ஆகாது.

இங்ஙனம் முரணிய இரு மூலங்களிலிருந்து ஒரே சொல்லிணையை ஆட்டம் பெற்றது. ஒரு மூலம் ஒழுங்கே அறம் என்றது. மற்றொன்று அறம் ஒழுங்கினும் வேறு என்றது. பிற்கால வாதங்கள் அனைத்துக்கும் வித்து இதுவே என்பது பிழையாகாது.

முதல் நூலில் சார்பின் நிலை

1974-ஆம் ஆண்டின் முதல் நூல் மூன்று சிறு புத்தகங்களாக அமைந்தது. அவற்றுள் முதலாவதில், ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்னும் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. ஆடுவோர் தம் பாத்திரம் எப்பத்தியைச் சார்ந்தது என முன்னரே முடிவு செய்தல் வேண்டும் என்பது விதி. மனிதர் மூன்று பத்திகளிலும் வருகின்றனர். ஓர்க் இனம் நடுநிலையிலும் குலைவிலும் வருகின்றது. டிராகனும் அவ்வாறே. ஓரினம் இரு பத்திகளில் வருதல், அது எப்பக்கமும் சேரலாம் என்பதனை உணர்த்தும். அணி என்னும் பழம்பொருள் இன்னும் நிலவிற்று என்பதற்கு இது முதற்சான்று.

சார்புமொழி என்பது மற்றொரு சான்று. ஒழுங்கினர்க்கு ஒரு மொழி, குலைவினர்க்கு ஒரு மொழி, நடுநிலையர்க்கு ஒரு மொழி எனப் பொதுமொழிகள் மூன்று உள்ளன என அந்நூல் கூறும். குணத்துக்கு மொழி இருத்தல் இயலாது. அன்புடையார் அனைவர்க்கும் ஒரு தனிமொழி உண்டு என எவரேனும் கூறின் நாம் நகைப்போம். ஆனால் ஒரு பாசறையில் உள்ளார் தம்மவரை இனங்காண மறைமொழி வைத்திருத்தல் உலகியல்பு. சார்பை அணியெனக் கொண்டாலன்றிச் சார்புமொழி பொருள்படாது. இவ்விதியினைப் பிற்காலத்தார் பலர் நகைப்புக்குரியது எனத் தள்ளினர். 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இடம்பெறவில்லை. அவ்விதி பழம்பொருளின் எச்சம் என்பதை அவர்கள் நோக்கினாரல்லர்.

எனினும் குணம் என்னும் புதுப்பொருள் தோன்றுதற்குரிய அறிகுறியும் அந்நூலிலேயே காணப்படுகின்றது. மாய வாள்களுக்கும் சார்பு உண்டு. மாறான சார்புடையான் அத்தகு வாளைத் தீண்டின் காயமுறுவான். இவ்விதிப்படி, நெஞ்சின் நிலையை ஓர் இரும்பு அறிந்துகொள்கின்றது. பகைவரின் கொடியையோ சீருடையையோ கண்டு அது அறிவதில்லை. உள்ளத்தில் உள்ள ஏதோவொன்றையே அது உணர்கின்றது எனல் வேண்டும். 1975-இல் வந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் பாலடின் என்னும் அறமறவன் வகை சேர்க்கப்பட்டது. அவன் ஒழுங்கு தவறி ஒரு செயல் புரியின் தன் சிறப்பாற்றலை இழப்பான். அணியில் நிற்றல் மட்டும் போதாது, ஒழுகலாறும் வேண்டும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

1976-ஆம் ஆண்டுக் கட்டுரை

சார்பின் வரலாற்றில் திருப்புமுனையாவது, 1976 பிப்ரவரியில் 'ஸ்ட்ராடெஜிக் ரெவ்யூ' என்னும் இதழில் கைகாக்ஸ் எழுதிய கட்டுரை. ஒழுங்கும் குலைவும் யாவை, நன்மை தீமைகளோடு அவற்றுக்குள்ள தொடர்பு யாது என்பதே அதன் பொருள். நடுவராய் இருப்போர் பலர் ஒழுங்கையும் நன்மையையும் ஒன்றாகக் கொள்கின்றனர், குலைவையும் தீமையையும் ஒன்றாகக் கொள்கின்றனர் என அவர் தொடங்குகின்றார். முதல் நூலின் சொற்கள் அத்தகையன ஆதலின் இம்மயக்கம் வியப்பன்று எனத் தம் பிழையையும் ஒப்புகின்றார். தாம் வகுத்த விதிக்குத் தாமே குறைகூறும் இந்நேர்மை பாராட்டற்குரியது.

அவர் கண்ட தீர்வு இரண்டு அச்சுகள் கொண்ட வரைபடம். ஒழுங்கு முதல் குலைவு வரை ஓர் அச்சு. நன்மை முதல் தீமை வரை மற்றோர் அச்சு. இதனால் ஒழுங்குநன்மை, ஒழுங்குதீமை, குலைவுநன்மை, குலைவுதீமை என நான்கு மூலைகளும், நடுவில் நடுநிலையும் ஆக ஐந்து சார்புகள் அமைந்தன. கொடுங்கோலன் சட்டத்தைப் பிழையாது காப்பவனாயினும் தீயவனே. கட்டுக்கடங்காத நாடோடி நல்லவனாதலும் கூடும். ஆண்டர்சனும் மூர்காக்கும் ஒரு படத்துள் அடங்கினர் எனலாம்.

இக்கட்டுரையில் மிகுதியும் சிந்திக்கத்தக்க பகுதி வேறொன்று. ஆடுவோரின் பாத்திரம் ஒவ்வொன்றையும் நடுவர் அப்படத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தொடக்கத்தில் அப்புள்ளி தான் தேர்ந்த சார்பின் நடுவில் இருக்கும். பின்னர் அப்பாத்திரம் செய்யும் செயல்களுக்கேற்ப அப்புள்ளி நகரும். கையேட்டு நூலிலும் இம்முறை விரித்துரைக்கப்பட்டது. சார்பு மாறிய பாத்திரம் தான் எய்திய படிகளுள் ஒன்றை இழக்கும் எனத் தண்டமும் விதிக்கப்பட்டது. இதன் உட்பொருள், ஒருவன் நல்லவனா அல்லனா என்பது அவன் செயலால் அறியப்படும் என்பதாம். ஏட்டில் எழுதிய சொல் செயலின் முன் தோற்றுப்போகும்.

ஆனால் அதே வரைபடத்தில் பூதங்களும் பேய்களும் பல்வேறு இனங்களும் அசையாப் புள்ளிகளாக இடம்பெற்றன. அவற்றின் செயலை எவரும் கணக்கிடுவதில்லை. ஆடுவோர்க்குச் செயல் முன்னது, சார்பு பின்னது. ஏனை உயிர்களுக்குச் சார்பு முன்னது, செயல் பின்னது. ஒரே படத்தில் இரு நீதிகள் அமைந்தன.

ஒன்பது கட்டங்களும் நடுநிலையும்

1977-இல் வெளிவந்த உயிர்களின் தொகைநூலிலும், 1978-இல் வெளிவந்த ஆடுவோர் கையேட்டிலும் ஐந்து சார்புகள் ஒன்பதாயின. மூன்று வரிசையும் மூன்று நிரலுமாக அமைந்த இக்கட்டமே இன்று ஆட்டத்தை அறியாதாரும் அறிந்தது. அரசியலாரையும் கதைமாந்தரையும் அக்கட்டங்களுள் இட்டு மகிழ்தல் பலர்க்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஆயினும் 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலைப் பதிப்பு மீண்டும் மூன்று சார்புகளையே வைத்துக்கொண்டு, குலைவு பெரும்பாலும் தீமையே என உரைத்தது. ஒரே நிறுவனம் ஒரே காலத்தில் இருவகைக் கொள்கைகளை விற்றமை இதனாற் புலனாகும்.

ஒன்பது கட்டங்களின் நடுவிலிருந்த நடுநிலைதான் மிகவும் இடர்ப்பட்டது. 1977-ஆம் ஆண்டு நூலில் விலங்குகள் பல நடுநிலையின எனப்பட்டன. நன்மை தீமை அறியும் அறிவு அவற்றுக்கு இல்லை என்பது காரணம். 1978-ஆம் ஆண்டு நூலில் துரூயிடு என்னும் காட்டுக்குரவனும் நடுநிலையன் எனப்பட்டான். அவனோ உலகின் சமன் கெடாது காத்தலைத் தன் கடமையாகக் கொண்டவன். ஓநாய்க்கும் துறவிக்கும் ஒரே சொல். முன்னர்க் கூறிய தமிழ் வழக்கால் நோக்கின், ஓநாயினது நொதுமல். துரூயிடு மேற்கொண்டது ஒரு கொள்கை. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு 'சார்பிலி' என்னும் பொருள்தரும் சொல்லைப் புதிதாகப் புகுத்தி, நடுநிலை என்பதனை நீக்கிற்று. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இரண்டும் அருகருகே வைக்கப்பட்டன. விலங்கு சார்பிலி, சமன் காப்போன் நடுநிலையன் எனப் பிரித்துணரும் வழி பிறந்தது. இவ்வேறுபாட்டை எய்த அவ்வாட்டத்துக்கு நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஓர்க் இனத்தின் வரலாறு

அணியும் குணமும் மயங்கியதன் விளைவைக் காண ஓர்க் இனமே தக்க எடுத்துக்காட்டு. இவ்வினத்தை ஆட்டம் டோல்கீனின் கதைகளிலிருந்து பெற்றது. டோல்கீனுக்கே இவ்வினம் பற்றி அமைதி இல்லை. அறிவும் பேச்சும் உடைய ஓர் இனம் மீட்சியின்றித் தீயதாய் இருத்தல் தம் சமயக் கொள்கைக்கு ஒக்குமா என அவர் பலமுறை எண்ணினார் என்பது, 1981-இல் வெளிவந்த அவர் கடிதங்களால் தெரிகின்றது.

ஆட்ட நூல்களில் ஓர்க் இனத்தின் சார்பு மாறிய வகையை நிரல்பட நோக்குவோம். 1974-இல் நடுநிலை அல்லது குலைவு, 1977-இல் ஒழுங்குதீமை, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் குலைவுதீமை. சார்பு என்பது பிறவிக்குணம் ஆயின், அது பதிப்புத்தோறும் மாறுவது எங்ஙனம்? மாறியது ஓர்க்கின் இயல்பன்று. நூல் செய்தோரின் தேவையே மாறிற்று. படையாக அணிவகுத்து வரும் பகைவர் வேண்டியபோது ஓர்க் ஒழுங்குடையதாயிற்று. காட்டுக் கூட்டமாய்ப் பாய்ந்து வரும் பகைவர் வேண்டியபோது குலைவுடையதாயிற்று. இரண்டு நிலையிலும் 'தீமை' என்னும் பகுதி மட்டும் அகலாது நின்றது.

இதன் முழுக் கடுமையும் விளங்குமிடம் 'த கீப் ஆன் த பார்டர்லண்ட்ஸ்' என்னும் ஆட்டக்கதை நூல். கைகாக்ஸ் எழுதிய இந்நூல், தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டமையால் மிகப் பலர் கைக்குச் சென்றது. எல்லைப்புறத்தே மனிதரின் கோட்டை ஒன்று. அதற்கப்பால் குலைவின் குகைகள். கோட்டையிலிருந்து புறப்பட்டுக் குகைகளை அழித்தலே ஆட்டம். அக்குகைகளில் ஓர்க் முதலியோரின் வாழிடங்கள் உள்ளன. அவ்விடங்களிற் போரிடும் ஆடவரேயன்றிப் போரிடாத பெண்டிரும் சிறாரும் இத்துணையர் என எண்ணிட்டுக் குறிக்கப்பட்டுள்ளனர்.

அச்சிறாரை என் செய்வது? இவ்வினா ஆட்ட மேசைகளில் மீண்டும் மீண்டும் எழுந்தது. சார்பு அணியாயின், படைக்கலம் ஏந்தாச் சிறார் எவ்வணியினரும் அல்லர். அவரைக் கொல்லுதல் பழி. சார்பு பிறவிக்குணமாயின், அவர் வளரும் தீமையே. அவரைக் கொல்லுதல் அறமறவனுக்குக் கடனும் ஆகும். ஒரு சொல்லின் பொருளை எவ்வாறு கொள்கின்றோம் என்பதைப் பொறுத்துக் கொலை பழியாகவும் கடனாகவும் மாறுகின்றது. கற்பனையுலகின் சொல்லாராய்ச்சி வீண்வேலை என்பார்க்கு இவ்வொன்றே விடையாகும்.

சார்பினை நீக்கிய ஆட்டங்கள்

இச்சிக்கலைக் கண்டு வேறு வழி தேடினாரும் உளர். 1978-இல் தோன்றிய 'ரூன்குவெஸ்ட்' சார்பினை அறவே கொள்ளவில்லை. தெய்வ வழிபாடும் குடிவழக்கமுமே ஒருவன் ஒழுகலாற்றை அமைப்பன என அது கொண்டது. அதன் உலகைப் படைத்த கிரெக் ஸ்டாஃபோர்டு, 1985-இல் ஆர்தர் மன்னன் கதையைத் தழுவிப் 'பென்ட்ராகன்' என்னும் ஆட்டத்தைச் செய்தார். அதில் ஒரு மறவனின் உள்ளம் பதின்மூன்று இணைப் பண்புகளாற் காட்டப்படும். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் இருபது. இரக்கம் பன்னிரண்டாயின் கொடுமை எட்டு. ஒருவனே ஒருபால் அருளுடையனாகவும் மற்றொருபால் செருக்குடையனாகவும் விளங்கல் இதனாற் கூடும்.

அதே 1985-இல் ரிச்சர்டு காரியட் கணினிக்கென இயற்றிய 'அல்டிமா' வரிசையின் நான்காம் ஆட்டம், எட்டு அறங்களை நிறைவேற்றுதலையே குறிக்கோளாகக் கொண்டது. 'அவதார்' என்னும் வடசொல்லை அவ்வறங்களின் முழுவடிவாம் நிலைக்குப் பெயராக அது ஆண்டது. கண்ணில்லாத வணிகப்பெண்ணிடம் விலையைக் குறைத்து ஈந்தால், அது எவர்க்கும் தெரியாதெனினும், கணினி அதனைக் கணக்கில் வைக்கும், வாய்மை குறையும். 1976-ஆம் ஆண்டில் நடுவர் கையால் நகர்த்திய புள்ளியை இங்கே பொறி நகர்த்திற்று. சார்பு செயலால் விளைவது என்னும் கொள்கை இவ்வாட்டங்களில் முழுமை பெற்றது எனலாம்.

அண்மைக்கால மாற்றம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகிலேயே விதிவிலக்குகள் முன்னரே தோன்றின. டிரௌ என்னும் நிலவறை எல்ஃப் இனம் தீயது என வகுக்கப்பட்டிருந்தது. 1988-இல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய புதினத்தில், அவ்வினத்திற் பிறந்தும் நல்லனாகிய டிரிஸ்ட் என்பவன் தோன்றிப் பெரும்புகழ் எய்தினான். ஆயினும் ஒருவனை விதிவிலக்கு எனப் போற்றுதல் ஏனையோர்மேல் விதியை உறுதிப்படுத்துவதாகவே முடிந்தது.

2020 ஜூன் திங்களில், இவ்வாட்டத்தை வெளியிடும் 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' நிறுவனம் ஓர் அறிக்கை விடுத்தது. ஓர்க், டிரௌ முதலிய இனங்கள் தீயனவாகக் காட்டப்பட்டமை, உண்மை உலகில் மக்கட் குழுவினர் சிலர் இழிவுபடுத்தப்பட்ட முறையை நினைவூட்டுகின்றது என அது ஒப்பிற்று. 2022-இல் வந்த உயிர்த்தொகை நூலில் 'பெரும்பாலும்' என்னும் அடைமொழி சார்புகளின்முன் சேர்க்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஆடுவோர் கையேட்டில் ஓர்க் ஆடுவோர் தேர்ந்துகொள்ளும் இனங்களுள் ஒன்றாயிற்று. 2025-இல் வந்த உயிர்த்தொகையில் பகை உயிராக ஓர்க்குக்குத் தனிப்பதிவே இல்லை. ஒன்பது கட்டங்கள் மட்டும் நீங்கவில்லை. இவ்வாட்டத்தினின்று கிளைத்த 'பாத்ஃபைண்டர்' 2023-இல் சார்பினையே நீக்கிவிட்டு, செய்வன தவிர்வன எனத் தன் கோட்பாடுகளை ஒவ்வொருவரும் எழுதிக்கொள்ளும் முறையை ஏற்றது.

ஒரு தடையும் விடையும்

விளையாட்டுக்குப் பகைவர் வேண்டும். தயக்கமின்றி வெல்லத்தக்க பகைவர் வேண்டும். அவரைத் தீயர் என எழுதிவைத்தலில் என்ன குற்றம் என வினவுவாரும் உளர். இத்தடையை எளிதில் ஒதுக்குதல் முறையன்று. பேயும் வானவரும் போன்ற உருக்கள் கருத்துகளின் வடிவங்கள். தீமையின் வடிவாகப் படைக்கப்பட்ட பேயைத் தீயது எனல் கூறியது கூறலே. அங்கே குணமும் பிறப்பும் ஒன்றாதலிற் பிழையில்லை. ஆனால் ஊரும் உறவும், மொழியும் மனையும், மகவும் உடையதாக ஓர் இனத்தைப் படைத்த பின், அதனைப் பேயின் வரிசையில் நிறுத்துதல் இருவேறு பொருள்களை ஒன்றாக்குவதாகும். பகைவர் வேண்டுமெனின் அவரைப் பகையணியினர் என்றே குறித்தல் போதும். போர் முடிந்தபின் அணி கலையும். பகைவன் மகன் நண்பனாதலும் கூடும். பிறவியாற் கிடைத்த தீமைக்கோ கலைதல் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறச்சார்பு 1971-இல் படைவகுக்கும் துணையாகத் தோன்றியமையும், முரணிய இரு புனைகதைகளின் சொற்களைப் பெற்றமையும், 1976-இல் உள்ளத்தை அளக்கும் கருவியாக மாறியமையும், அம்மாற்றத்தில் ஆடுவோர்க்கு ஒரு நீதியும் ஏனை இனங்களுக்கு வேறொரு நீதியும் அமைந்தமையும் விளங்கும். இவை எவையும் தீய எண்ணத்தோடு செய்யப்பட்டன என்பதற்குச் சான்று இல்லை. தம் சொற்களில் மயக்கம் உண்டு என முதலில் உரைத்தவர் கைகாக்சே. ஆயினும் அவர் தம் பாத்திரங்களுக்குத் திருத்திக்கொண்ட பிழையை ஓர்க்குகளுக்குத் திருத்தினாரல்லர்.

அணியைக் குறிக்கும் சொல் குணத்தைக் குறிக்குமாறு மெல்ல வழுவுதல் ஆட்டநூல்களில் மட்டும் நிகழ்வதன்று. எதிர்ப்பக்கத்து நின்றார் என்பதனால் ஒரு குடியினர் பகைவராதலும், பகைவர் என்பதனால் இழிந்தோர் எனப்படுதலும், அவ்விழிவு அவர் மக்கட்கும் பிறப்புரிமை போலச் சார்த்தப்படுதலும் உலக வரலாறு கண்டவையே. அவ்வழுக்கல் பல நூற்றாண்டுகளில் நிகழ்வதாகலின் அதன் படிகளை அளந்தறிதல் அரிது. இவ்வாட்டத்திலோ அது ஐம்பது ஆண்டுகளுள், அச்சிட்ட நூல்களில், ஆண்டும் பதிப்பும் குறித்துக் காட்டுமாறு நிகழ்ந்துள்ளது. சொற்பொருள் வரலாற்றை ஆராய்வார் இவ்வாட்டநூல்களையும் தம் ஆய்வுக்களத்துட் சேர்த்துக்கொள்ளுதல் பயனுடையதாகும்.